பாராளுமன்றக் குழுவுக்கு நான் மணி அடித்தது

1983 அக்டோபர் 11, செவ்வாய்க்கிழமை. காலை 4.50-க்கு எழுந்தேன். 5.20-க்குக் கிணற்றில் தண்ணீர் இறைத்து, வெள்ளைத் துணியில் வடிகட்டி, குடத்தில் நிரப்பினேன். 5.40 குளியல். 6.15 கேழ்வரகுக் கூழ், ஒரு லோட்டா. தொட்டுக்கொள்ள மோர்மிளகாய் இரண்டு. 7.10 சைக்கிளுக்குக் காற்று. 7.25 புறப்பாடு. மழை இல்லை.

இவ்வளவும் அன்றைய டைரிப் பக்கத்தில் இருக்கிறது. காலை பத்திலிருந்து மாலை நாலு வரை நடந்ததைப் பற்றி மட்டும் ஒரே ஒரு வரிதான்: ‘குழு வந்தது, போனது, மறுபடி வந்தது.’ மோர்மிளகாயை எண்ணி எழுதியவன், பாராளுமன்றத்தை ஒரே வரியில் முடித்துவிட்டேன். வெட்கம் வந்தால் என் பேனாவில் மை இறங்காது. விட்டுப்போன பகுதியை இப்போது எழுதுகிறேன்.

நான் நேரம் தவறாதவன். இதைப் பெருமையாகச் சொல்லவில்லை. சிலருக்கு ஒரு கால் கொஞ்சம் குட்டையாக இருக்குமே, அதைப்போலச் சொல்கிறேன். நாங்கள் தமிழ்ச் சமணர். தண்ணீரை வடிகட்டாமல் குடிக்க மாட்டோம். பொழுது சாய்ந்த பிறகு எங்கள் வீட்டில் யாரும் சாப்பிடக் கூடாது. அதனால் எனக்கு விவரம் தெரிந்த நாளிலிருந்து சூரியனோடு பந்தயம்தான். மழைக்காலத்தில் மேகம் மூடிவிட்டால் அப்பா கடிகாரத்தைப் பார்ப்பார், நாங்கள் அப்பா முகத்தைப் பார்ப்போம். ‘இன்னும் ஒம்போது நிமிஷம் இருக்குது, சீக்கிரம் சாப்புடுங்க’ என்பார். இப்படி வளர்ந்தவனுக்கு எதிலும் ‘ஒரு பத்து பதினஞ்சு நிமிஷம் முன்னப்பின்ன’ என்று ஒன்று இருக்கிறது என்பதே தெரியாது. இருபத்து நான்கு வயது வரை தெரியவில்லை. அதற்கப்புறம் தெரிந்தது. பாராளுமன்றம் சொல்லிக்கொடுத்தது.

அப்போது திருவண்ணாமலை தனி மாவட்டம் ஆகவில்லை. கலெக்டரைப் பார்க்க வேலூருக்குத்தான் போக வேண்டும். ஊருக்கு வெளியே, வேங்கிக்கால் பக்கம், முள்ளுச்செடியும் பாறையுமாகக் கிடந்த இடத்தில் எங்கள் தொழிற்பயிற்சி நிலையம் இருந்தது. (பெயர் வேண்டாம். அதில் படித்தவர்களெல்லாம் இன்றைக்கு நல்ல நிலையில் இருக்கிறார்கள்.) நான் அங்கே இளநிலை உதவியாளர். இரண்டு வருடத் தகுதிகாண் பருவம் அந்த மாதக் கடைசியில் முடிய இருந்தது. பிரின்சிபால் பரிந்துரை எழுதி, மெட்ராஸிலிருக்கும் இணை இயக்குநர் ஒப்பம் இட்டால் நான் நிரந்தரம். இணை இயக்குநரை எல்லோரும் ஜே.டி. என்றுதான் சொல்வோம்.

அந்த ஒப்பத்துக்காக என்னைவிட அதிகமாகக் காத்திருந்தவர் கீழ்பென்னாத்தூரில் ஒருவர் இருந்தார். பெயர் தரணேந்திரன். நெல்லும், எங்கள் பக்கம் மணிலா, மல்லாட்டை என்கிற வேர்க்கடலையும் பயிரிடுகிறவர். அவருடைய மகள் பத்மாவதியை எனக்குப் பார்த்திருந்தார்கள். ‘வேல பர்மனென்ட்டுனு கடுதாசி வரட்டும், தை மாசம் வச்சுக்கலாம். வரலன்னா வரும்போது பேசிக்கலாம்’ என்று அவர் சொல்லியிருந்தார். ‘வரும்போது’ என்ற சொல்லை அவர் சொன்ன விதத்தில், வராமலே போகலாம் என்பதும் இருந்தது.

இந்த நிலையில்தான் பாராளுமன்றக் குழு வருகிறது என்று தந்தி வந்தது. மத்திய அரசு திட்டத்தில் தொழிற்பயிற்சிக்குக் கொடுத்த இயந்திரங்கள் எப்படிப் பயன்படுகின்றன என்று பார்க்க ஏழு உறுப்பினர்கள். எத்தனையோ ஊர் இருக்க, எங்கள் ஊரை ஏன் தேர்ந்தெடுத்தார்கள் என்று நான் வியந்தேன். பிரின்சிபால் சுந்தரமூர்த்தி வியக்கவில்லை.

“நம்மள பாக்கவா வர்றாங்க? சாமி பாக்க வர்றாங்க. வழியில நாம கெடக்கறோம், அவ்ளோதான்” என்றார்.

கோயில் நடை பகல் பன்னிரண்டரைக்குச் சாத்தினால் மூன்றரைக்குத்தான் திறக்கும். ஆகவே குழு எங்களிடமிருந்து 11.45-க்குக் கிளம்பியாக வேண்டும். பிரின்சிபால் நிகழ்ச்சி நிரலைச் சொல்லச் சொல்ல நான் எழுதினேன். 10.00 வருகை. 10.05 மாலை மரியாதை. 10.15 கடவுள் வாழ்த்து. 10.20 வரவேற்புரை. 10.30 ஆண்டறிக்கை வாசித்தல். 11.10 தேநீர். 11.30 பட்டறையைப் பார்வையிடல். 11.45 கோயிலுக்குப் புறப்பாடு.

“சார், பட்டறைக்குப் பதினஞ்சு நிமிஷம் போதுமா? அதுக்குத்தானே வர்றாங்க?”

பிரின்சிபால் கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார். “போதும்யா. ஜாஸ்திதான்” என்றார்.

இந்த ‘ஜாஸ்தி’யில்தான் எல்லாம் அடங்கியிருந்தது. எனக்குத்தான் புரியவில்லை. நிலையத்திலிருந்த மற்ற அத்தனை பேருக்கும், தோட்டக்காரர் உட்பட, தெரிந்திருந்த ஒரு விஷயம் இது: எந்தக் குழு வந்தாலும் மாலை போடுவதில் பத்து நிமிடம் போகும், பேச்சில் முக்கால் மணி போகும், அறிக்கையில் ஒரு மணி போகும், பிறகு ‘ஐயோ, நடை சாத்திடப் போறாங்க’ என்று ஒருவர் கத்துவார், எல்லோரும் ஜீப்பில் ஏறிவிடுவார்கள். பட்டறை என்பது தாளில் இருக்கும், தரையில் நடக்காது. அதுவரை வந்த எந்தப் பெரிய மனிதரும் எங்கள் பட்டறையின் வாசலைத் தாண்டியதில்லை. இதை யாரும் எனக்குச் சொல்லவில்லை. மூச்சு விடுவது எப்படி என்று யாராவது யாருக்காவது சொல்வார்களா?

சரி, பட்டறையில் அப்படி என்ன இருந்தது? இரண்டு கடைசல் இயந்திரங்கள். எல்லோரும் லேத் என்பார்கள். வந்து மூன்று வருடம் ஆகியிருந்தது. அவை ஓட மும்முனை மின்சாரம் வேண்டும். எங்களுக்கு இருந்தது விளக்கும் மின்விசிறியும் ஓடுகிற ஒருமுனை மின்சாரம். மின்கம்பம் எங்கள் மதில் வரைக்கும் வந்து நின்றுவிட்டது. விண்ணப்பத்தில் மேலிடத்து ஒப்பம் ஒன்று குறைந்தது. ஓடாத இயந்திரத்தைக் குழு பார்த்தால், ‘உங்களுக்கு எதுக்கு இது?’ என்று தூக்கிக்கொண்டு போய் வேறு ஊருக்குக் கொடுத்துவிடும், அந்தப் பிரிவையே மூடிவிடுவார்கள் என்பது பிரின்சிபாலின் பயம். இன்று யோசித்தால், அது நியாயமான பயம்தான்.

எனக்கு அன்று வேறு யோசனை. பாராளுமன்றமே வருகிறது, என் திறமையை ஜே.டி. நேரில் பார்க்கப் போகிறார், ஒப்பம் நிச்சயம். ஒரு வாரம் ஒத்திகை பார்த்தேன். மாலைகளை வரிசை எண் கட்டி ஏழு நாற்காலிக்கும் நேர் பின்னால் ஏழு ஆணியில் மாட்டினேன். ஏழு பயிற்சியாளர்கள் ஒரே சமயத்தில் போட்டால் நாற்பது விநாடி. அறிக்கையை ஸ்டென்சில் வெட்டி, மை உருட்டி, பிரதி எடுத்து நாற்காலிக்கு ஒன்றாக வைத்தேன். டீயை முன்கூட்டியே ஊற்றி மூடிவைக்க ஏற்பாடு. பேச்சாளருக்காக என் மேசையில் ஒரு மணி. இதோடு நிற்கவில்லை. அந்தக் காலத்தில் மின்வெட்டு சாதாரணம். ஆகவே மின்வாரியப் பிரிவு அலுவலகத்துக்குப் போய், ‘அன்றைய தினம் காலை 10 முதல் 1 வரை தங்கள் பகுதியில் மின்தடை இராது’ என்று முத்திரையோடு ஒரு கடிதம் வாங்கி, சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன். பிரின்சிபாலுக்கு அன்று ஒரு இன்ப அதிர்ச்சியாக இருக்கட்டும் என்று அவரிடம் சொல்லவில்லை.

குழு 9.58-க்கு வந்தது. தலைவர் வடக்கத்திக்காரர், உயரமானவர், ஆங்கிலத்தில் பேசினார். தமிழ் தெரிந்த பெண் உறுப்பினர் ஒருவர் அவர் பக்கத்தில் உட்கார்ந்தார். மற்ற ஐந்து பேரும் மலையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஜே.டி. எல்லோருக்கும் பின்னால், எல்லோரையும் தாங்குகிறவர்போல நின்றார்.

மாலைகள் நாற்பது விநாடியில் விழுந்தன. கடவுள் வாழ்த்தில் கடைசி அடியை இரண்டாம் முறை பாட வேண்டாம் என்று சொல்லியிருந்தேன். வரவேற்புரைக்கு ஒரு ஓய்வுபெற்ற புலவரைப் பிரின்சிபால் பிடித்து வைத்திருந்தார். அவர் பேச ஆரம்பித்தால் முக்கால் மணிக்குக் குறையாது என்பதற்காகவேதான் பிடித்தார் என்பது எனக்குப் பிற்பாடுதான் தெரியும். புலவர் நெருப்பு மலையான காலத்தில் தொடங்கினார். எட்டு நிமிடத்தில் அவர் நெருப்பு ஆறுகிற இடத்துக்குக்கூட வரவில்லை. நான் மணி அடித்தேன்.

புலவர் திரும்பிப் பார்த்தார். அவர் வாழ்க்கையில் அவருக்கு எதிரில் மணி அடிக்கப்பட்டது அதுவே முதல் தடவையாக இருக்க வேண்டும். “இன்னும் மலையே வரலியே” என்றார். நான் இன்னொரு முறை அடித்தேன். உட்கார்ந்துவிட்டார்.

அப்போதுதான் பிரின்சிபால் மேடையிலிருந்து என்னைப் பார்த்து இரண்டு கைகளையும் பக்கவாட்டில் மெதுவாக இழுத்துக் காட்டினார். இழு, இழு என்று. எனக்குப் பின்னால் ‘நல்வரவு’ துணி கொஞ்சம் தொய்ந்திருந்தது. எவ்வளவு கூர்மையான கண் என்று வியந்து, போய் அதை இழுத்துக் கட்டினேன். திரும்பினால் மறுபடியும் இழுத்துக் காட்டினார். நான் அந்தப் பக்கத்து முடிச்சையும் இறுக்கினேன். அவர் கைகளை முகத்தில் வைத்துக்கொண்டார். உணர்ச்சிவசப்படுகிறார் என்று நினைத்தேன்.

அடுத்தது ஆண்டறிக்கை. பிரின்சிபால் இருபத்திரண்டு பக்கத்தையும் கையில் எடுத்துக்கொண்டு, தண்ணீர் குடித்து, கண்ணாடியைத் துடைத்து மாட்டி எழுந்தார். நான் முந்திக்கொண்டு, ரேடியோச் செய்தியில் கேட்டுக் கற்றதை ஆங்கிலத்தில் அறிவித்தேன். அறிக்கையின் பிரதிகள் உறுப்பினர்களுக்கு வழங்கப்பட்டுவிட்டபடியால், அது வாசிக்கப்பட்டதாகக் கொள்ளப்படும்.

தலைவர் மேசையைத் தட்டினார், அவர்கள் சபையில் தட்டுவார்களாமே, அதைப்போல. மற்ற ஆறு பேரும் தட்டினார்கள். பிரின்சிபால் திறந்த வாயோடு உட்கார்ந்தார். டீ தயாராக இருந்தது. கொஞ்சம் ஆறியும் இருந்ததால் யாரும் ஊதிக் குடிக்க வேண்டியிருக்கவில்லை. எல்லாம் முடிந்தபோது மணி 10.41.

“பத்து வருடமாகச் சுற்றுப்பயணம் போகிறேன். சொன்ன நேரத்துக்கு முன்பே முடிந்த முதல் நிகழ்ச்சி இது. யார் இந்த இளைஞர்?” என்று தலைவர் கேட்டார்.

பிரின்சிபால் என் பெயரைச் சொல்லவில்லை. ஜே.டி. தான் சொன்னார், புன்னகையோடு. “அஜிததாஸ். நம்ம உதவியாளர்.” எனக்குத் தை மாதமே வந்துவிட்டது.

“அப்படியானால் ஒரு மணி நேரத்துக்கு மேல் இருக்கிறது. பட்டறையைப் பார்க்கலாம்” என்று தலைவர் எழுந்தார்.

பட்டறையில் பயிற்றுநர் கன்னியப்பன் உள்ளே உட்கார்ந்து செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தார். அன்று அந்தப் பக்கம் யாரும் வர மாட்டார்கள் என்பது அவருடைய அனுபவம். குழுவைப் பார்த்ததும் எழுந்து, தாளை மடித்து, லேத்தின் அடியில் தள்ளிவிட்டு, என்னைப் பார்த்து, “என்னாப்பா இது, தேர் இந்தப் பக்கம் வந்துட்டுது?” என்று கேட்டார்.

தலைவர் லேத்தைத் தடவிப் பார்த்தார். பளபளவென்று இருந்தது. மூன்று வருடமாகத் துடைப்பதைத் தவிர வேறு வேலை இல்லையே. “ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள்” என்றார்.

பிரின்சிபால் முன்னால் வந்தார். அவர் முகத்தில் ஒரு பழைய, பழகிய நிம்மதி வந்தது. “சாரி சார். பவர் கட். இந்த ஊர்ல இதே தொல்லை” என்றார்.

அவர் தலைக்கு மேல் மின்விசிறி கடகடவென்று சுற்றிக்கொண்டிருந்தது. யாரும் அதைப் பார்க்கவில்லை. யாரும் பார்த்திருக்கவும் மாட்டார்கள். நான் மட்டும் வாயை மூடிக்கொண்டு நின்றிருந்தால், கதை அங்கேயே முடிந்திருக்கும்.

“இல்லீங்க சார்!” என்றேன். என் குரலில் அத்தனை உற்சாகம். “இன்னிக்கி கட் கெடையாது. ஒரு மணி வரைக்கும். லெட்டரே வாங்கிட்டேன்.” சட்டைப் பையிலிருந்து கடிதத்தை எடுத்து, பிரித்து, தலைவர் கையில் கொடுத்தேன்.

பெண் உறுப்பினர் அதைப் படித்து அவருக்குச் சொன்னார். பிறகு எல்லோரும் சேர்ந்து, கோயிலில் கோபுரத்தைப் பார்ப்பதுபோல, மின்விசிறியைப் பார்த்தார்கள்.

“கரென்ட் இருக்குதே. ஏன் ஓடல?” என்று அந்த அம்மா கன்னியப்பனிடம் கேட்டார்.

“ஓடும்மா. நாலு பேர் இழுத்தா ஓடும்.”

“இழுத்தாவா?”

கன்னியப்பன் பிரின்சிபாலைப் பார்த்தார். பிரின்சிபால் சுவரைப் பார்த்தார். இனி ஒளிக்க ஒன்றும் இல்லை என்று கன்னியப்பனுக்குப் பட்டிருக்க வேண்டும். “டேய், வாங்கடா” என்று நாலு பயிற்சியாளர்களைக் கூப்பிட்டார். லேத்தின் சுழலும் தலையில் தேர்வடம்போல ஒரு கயிற்றைச் சுற்றினார்கள். இந்தப் பக்கம் இரண்டு பேர், அந்தப் பக்கம் இரண்டு பேர். மோர் கடைவதுபோல மாற்றி மாற்றி இழுக்க, லேத் சுற்றியது. கன்னியப்பன் ஒரு கட்டைத் துண்டை மாட்டி, உளியை வைத்து, மூன்று நிமிடத்தில் ஒரு பம்பரம் கடைந்தார். ஊதித் துடைத்து, தலைவரின் உள்ளங்கையில் வைத்தார்.

“இரும்பெல்லாம் இந்த இழுப்புக்கு ஆவாதுங்க. கட்டைதான். பசங்க நல்லா பண்ணுவானுங்க பம்பரம்” என்றார்.

மத்திய அரசு திட்டத்தின் மூன்று வருட உற்பத்தியைத் தலைவர் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கோபப்படுவார் என்று எல்லோரும் நின்றோம். “மின் இணைப்புக்கு விண்ணப்பிக்கவே இல்லையா?” என்று மட்டும் கேட்டார்.

இந்தக் கேள்விக்கு விடை தெரிந்தவன் அந்த அறையில் நான் ஒருவன்தான். கடிதங்கள் எல்லாம் என் கையெழுத்தில் போனவை. தேதி வாரியாகச் சொன்னேன். முதல் கடிதம் எப்போது, முதல் நினைவூட்டு எப்போது, இரண்டாவது எப்போது. ஏழு நினைவூட்டுகளையும் பார்க்காமல் ஒப்பித்தேன். இது என் திறமை வெளிப்படும் தருணம் என்று உள்ளுக்குள் தோன்றியது. வேகம் கூடியது.

“யாருக்கு எழுதினீர்கள்?”

“இவருக்குத்தான் சார்” என்று, விரல் நீட்டுவது மரியாதை இல்லை என்பதால், முழுக் கையையும் விரித்து ஜே.டி.யைக் காட்டினேன்.

அந்த அறையில் மின்விசிறி சத்தம் அவ்வளவு பெரிதாக எனக்கு அதற்கு முன் கேட்டதில்லை.

“எனக்கு எதுவும் வந்து சேரல” என்றார் ஜே.டி. புன்னகை போய்விட்டிருந்தது.

பாவம், மறந்திருக்கிறார், நினைவுபடுத்தினால் மகிழ்வார் என்றுதான் சத்தியமாக நினைத்தேன். “வந்துதுங்க சார். ஒப்புகை அட்டை இருக்குது. எட்டும் இருக்குது. ஒரு நிமிஷம்” என்று அலுவலகத்துக்கு ஓடி, கோப்பை எடுத்துக்கொண்டு ஓடி வந்தேன். எட்டு அட்டைகளையும் தேதி வரிசையில் நூல் கோர்த்து வைத்திருந்தேன். (சொன்னேனே, ஒரு கால் குட்டை.) தலைவர் ஒவ்வொன்றாகப் பார்த்தார். ஒவ்வொன்றுக்கும் ஒரு கேள்வி கேட்டார். நான் ஒவ்வொன்றுக்கும் பதில் சொன்னேன். அந்த அம்மா குறிப்பெடுத்தார். மற்ற ஐந்து உறுப்பினர்களும் மலையை மறந்து நெருங்கி வந்துவிட்டார்கள்.

அன்றைய வெட்கக்கேடுகளில் உச்சம் இதுதான்: இத்தனை பேருக்கு மணி அடித்த நான், என் கடிகாரத்தை ஒரு தடவைகூடப் பார்க்கவில்லை. பார்த்தவர் ஜே.டி. “ஐயோ, கோயில்!” என்றார். மணி 12.25.

ஜீப்புகள் பறந்தன. நானும் கடைசி ஜீப்பில் தொற்றிக்கொண்டேன். நாங்கள் போய்ச் சேர்ந்தபோது மேளக்காரர்கள் தவிலுக்கு உறை போட்டுக்கொண்டிருந்தார்கள். மாலைத் தட்டோடு காத்திருந்தவர், “சாத்தியாச்சுங்க. மூணரைக்கு வாங்க” என்றார். ஏழு பாராளுமன்ற உறுப்பினர்களும் மூடிய கதவுக்கு ஒரு கும்பிடு போட்டார்கள்.

இதற்கு மேல் கெட என்ன இருக்கிறது என்று நினைத்தேன். இருந்தது.

“மூன்று மணி நேரம் இருக்கிறதே. சாப்பிட்டுவிட்டு என்ன செய்யலாம்?” என்று தலைவர் சுற்றிலும் பார்த்தார். அவரே சொன்னார்: “பட்டறைக்கே போவோம். அந்தக் கோப்பை இன்னும் முழுக்கப் பார்க்கவில்லை.”

நடை சாத்துவதை நம்பிப் பிழைத்துவந்த நிலையத்துக்கு, அதே நடை சாத்தியதால் பாராளுமன்றம் இரண்டாம் தடவை வந்தது. கன்னியப்பன் வாசலில் வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தார். ஜீப்புகளைப் பார்த்து, துப்பிவிட்டு, “பம்பரம் பத்தலியாமா?” என்றார்.

இரண்டாம் வருகைக்கு நிகழ்ச்சி நிரல் இல்லை, மாலை இல்லை, புலவர் இல்லை. நாற்காலிகளைப் பட்டறைக்குள் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார்கள். பயிற்சியாளர்களை ஒவ்வொருவராகக் கூப்பிட்டுப் பேசினார்கள். இயந்திரங்களை எடுத்துக்கொண்டு போக வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. மூன்று மணிக்கு, மின் இணைப்பு விண்ணப்பத்தின் எட்டாவது பிரதியை நான் நீட்ட, லேத்தின் மேல் வைத்து ஜே.டி. ஒப்பம் இட்டார். இரண்டு வருடமாக வராத அந்த ஒப்பத்தைப் போட அவருக்கு இரண்டு விநாடி ஆனது. ஆறாம் நாள் மோட்டார் ஓடியது.

குழு கோயிலுக்குக் கிளம்பியபோது ஜே.டி. ஜீப்பில் ஒரு காலை வைத்தவர் திரும்பிப் பிரின்சிபாலைக் கூப்பிட்டார். நான் இரண்டடி தள்ளித்தான் நின்றிருந்தேன்.

“அந்த உதவியாளர் ப்ரொபேஷன் ஃபைல் வந்தா ஆறு மாசம் நீட்டிச்சு அனுப்புங்க.”

“காரணம் என்ன சார் எழுதறது?”

ஜே.டி. யோசித்தார். எழுதும்படியான காரணம் எதுவும் அவருக்குக் கிடைக்கவில்லை. “நீங்களே பாத்து எழுதுங்க” என்றார். ஜீப் போய்விட்டது.

பிரின்சிபால் என் பக்கம் திரும்பினார். காலையிலிருந்து அடக்கி வைத்தது அத்தனையும் வந்தது.

“ஏன்யா, ஒன்ன யாருய்யா கரெக்டா முடிக்கச் சொன்னது?”

“ப்ரோக்ராம்ல அப்படித்தான் சார் போட்டிருந்துது. நீங்கதான் சொல்ல—”

“ப்ரோக்ராம்னா போடறதுய்யா! அத எவனாச்சும் நடத்துவானா?” பிறகு அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. “புலவருக்கு மணி அடிச்ச பாரு. நாப்பது வருஷமா இந்த ஊரே ஆசப்பட்டது அது ஒன்னுதான்” என்று சொல்லிவிட்டு உள்ளே போனார்.

கோப்பில் அவர் எழுதிய காரணம் இன்றும் என்னிடம் பிரதியாக இருக்கிறது: ‘காலந்தவறாமையில் போதிய நிதானம் இன்னும் பழகவில்லை.’ அரசுப் பணியில் இந்தக் காரணத்துக்காகத் தகுதிகாண் பருவம் நீட்டிக்கப்பட்டவன் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

அன்று மாலை 5.35-க்குச் சாப்பிட உட்கார்ந்தேன். இறங்கவில்லை. ஆறு மாதம் நீட்டிப்பு என்றால் தை மாதம் போயிற்று. கீழ்பென்னாத்தூரில் இந்தச் செய்தி வேறு வாய் வழியாகப் போய்ச் சேர்ந்தால், ‘பையனுக்கு ஆபீஸ்ல ஏதோ தகராறாம்’ என்று ஆகும். அதற்குப் பிறகு ‘வரும்போது பேசிக்கலாம்’ என்பதுகூட இருக்காது.

ஆகவே மறுநாள், புதன்கிழமை, முதல் வேலையாக, தண்ணீர்கூட வடிகட்டாமல், கீழ்பென்னாத்தூருக்கு முதல் பஸ் பிடித்தேன்.

தரணேந்திரன் வீட்டு வாசலை ஒட்டிய களத்தில் மணிலாவைப் பரப்பிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் பதறிவிட்டார். “என்னா தம்பி, இந்நேரத்துல? ஊட்ல எல்லாம் நல்லாக்கீறாங்களா?”

“நல்லாருக்காங்க மாமா. வேலைல ஆறு மாசம் தள்ளிப் போட்டுட்டாங்க. நானே சொல்லிடலாம்னு வந்தேன்.”

அவர் கையிலிருந்த கூடையைக் கீழே வைத்தார். “என்னா தப்பு பண்ண?”

“எல்லாத்தையும் நேரத்துக்கு முடிச்சிட்டேன் மாமா.”

“அது சரி. தப்பு என்னா பண்ணன்னு கேட்டேன்.”

முதலிலிருந்து சொன்னேன். மாலை, புலவர், மின்விசிறி, பம்பரம், ஒப்புகை அட்டை, மூடிய கதவு. அவர் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. மல்லாட்டை ஒன்றை உரித்து, வாயில் போடாமல் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தார். நான் சொல்லி முடித்தேன். கதவுக்குப் பின்னாலிருந்து குரல் வந்தது. அதுவரை நான் பத்மாவதியின் குரலைக் கேட்டதில்லை.

“பாராளுமன்றமே ஒத்தி வச்சுட்டா நாம என்னாப்பா பண்ண முடியும்? அடுத்த கூட்டத்துல பாத்துக்கலாம்.”

(எங்கள் கல்யாணத்தைப் பாராளுமன்றம் ஒத்தி வைத்த கதையாக இன்றுவரை அவள் இதைத்தான் எல்லோருக்கும் சொல்கிறாள். பிள்ளைகளும் சொல்கிறார்கள். போன மாதம் சம்பந்தி வீட்டாரிடமும் சொல்லியாயிற்று.)

தரணேந்திரன் தோள் குலுங்கியது. சிரிக்கிறார் என்று புரிய எனக்குச் சிறிது நேரம் ஆனது. கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

“சரி தம்பி. ஆறு மாசம்தானே, இருக்கலாம். ஆனா ஒன்னு. கல்யாணத்தன்னிக்கி பந்தல்ல நேரத்தப் பத்தி நீ வாயத் தொறக்கக் கூடாது. வாத்தியாரு எவ்ளோ நேரம் மந்திரம் ஓதினாலும் சரி.”

“சரி மாமா” என்றேன்.

அவர் கையிலிருந்த மல்லாட்டையை என் கையில் வைத்தார்.